புதன்கிழமை வந்த போலீஸ்

சித்தம்மா காலனி நாலாவது கிராஸ் என்கிற சந்துக்குக் குடிவருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்கிற கன்னட வார்த்தை ‘கொத்தில்லா’. தெரியாது என்று அர்த்தம். ஊத்தங்கரையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் பையும் பாத்திரமுமாக வந்து இறங்குகிறவர்களுக்கு தண்ணீருக்கு நீரு, சாப்பாட்டுக்கு ஊட்டா எல்லாம் நாலு நாளில் தானாக வாயில் வந்துவிடும். இந்த ஒன்றை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். காக்கிச் சட்டை உள்ளே வந்து யார் பேரைக் கேட்டாலும் கொத்தில்லா. தேடப்படுகிற ஆள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாலும் கொத்தில்லா. மற்றபடி நாலாவது கிராஸில் யாருக்கும் யாரோடும் ஆகாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சண்டையும் வரும். போலீஸ் என்று வந்துவிட்டால் மட்டும் நாற்பது வீடும் ஒரே வீடு.

மகா வீட்டுக்கு இதில் தனியாகவே ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஃப்டியில் இரண்டு பேரும் ஒரு கான்ஸ்டபிளும் வந்து சுனிலைக் கேட்டார்கள். சுனில் அவள் கொழுந்தன், பைக்கில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவன். “ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு விசாரணை. அஞ்சு நிமிஷம்” என்றார்கள். “உள்ள சாப்டுக்கினு இருக்கான் சார், வரச் சொல்றேன்” என்று சொன்னது மகாதான். அந்த அஞ்சு நிமிஷம் மூன்று நாளாயிற்று. எவனோ ஒருவன் ஒரு பெண்ணின் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போனது கேமராவில் விழுந்திருந்தது. அவன் ஹெல்மெட்டும் சுனில் ஹெல்மெட்டும் ஒரே நிறம். மூன்றாம் நாள் சாயந்திரம், ஆள் இவனில்லை என்று விட்டுவிட்டார்கள். சுனில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தான். வீங்கிய பாதம் செருப்பில் நுழையவில்லை. இடது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. வந்தவர்கள் வேறு ஏரியா ஸ்டேஷன்காரர்கள் என்று பிறகு சொன்னார்கள். இந்த ஸ்டேஷன் காக்கி, அந்த ஸ்டேஷன் காக்கி என்று நிறம் பிரித்துப் பார்க்கிற கண் நாலாவது கிராஸில் யாருக்கும் இல்லை.

மகாவின் புருஷன் நாகேஷ் சத்தம் போடுகிற ஆள் அல்ல. வீடு மாற்றுகிற லாரியில் சாமான் தூக்குகிறவன், ஒற்றை ஆளாக வாஷிங் மெஷினை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறுவான், மூச்சுகூட வெளியே கேட்காது. அன்றைக்கு மட்டும் பெண்டாட்டியையும் மகளையும் எதிரே நிறுத்தி வைத்துச் சொன்னான்.

“இனிமே போலீஸ்காரன் வந்து யாரக் கேட்டாலும் சரி, என்னயவே கேட்டாலும் சரி, அப்படி ஆளே இல்லன்னு சொல்லணும். சிரிச்ச மூஞ்சியா கேட்டாலும் அதே பதில்தான். புரிஞ்சுதா?”

புரிந்தது.

ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை காலை ஏழு மணி. தூறல் விட்டும் விடாமலும் இருந்தது. மகாவுக்கு ஏழரைக்குக் கார்மெண்ட்ஸ் வண்டி. அடுப்பில் உப்புமாவுக்கு வெங்காயத்தைப் போட்டுவிட்டு, மூன்றாவது குடத்துக்காகக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பவுலின் அக்கா, அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். நாகேஷ் முந்தின நாள் வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் காலி பண்ணுகிற வேலைக்குப் போயிருந்தான். ‘முடிஞ்சதும் அப்படியே கோயம்புத்தூர் லோடு ஒண்ணு இருக்கு, வர ரெண்டு மூணு நாளாவும்’ என்று சொல்லித்தான் போனான். மகள் லாவண்யா காலேஜில் பியூசி இரண்டாம் வருஷம். அப்போதுதான் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தாள்.

சந்து முனையில் பைக்கை நிறுத்திவிட்டு ஒரு கான்ஸ்டபிள் நடந்து வந்தான். அவன் பேர் பீரப்பா என்று பின்னால்தான் மகாவுக்குத் தெரிந்தது. ராயச்சூர்ப் பக்கத்து ஆள், ஒல்லி. மழைக்கோட்டு இல்லாமல் தோள் இரண்டும் நனைந்திருந்தது. கையில் ஒரு பேப்பரை மடித்து வைத்திருந்தான்.

“அம்மா, நாகேஷ் மனெ யாவுது? நாகேஷ் வீடு?”

குழாயடியில் பேச்சு நின்றுபோயிற்று.

“எதுக்கு சார்?” என்றாள் மகா.

அவன் சுற்றி நின்ற எல்லாரையும் ஒரு தரம் பார்த்தான். குரலைத் தணித்துக்கொண்டு, “ஒண்ணுமில்லம்மா. சும்மா ஒரு விசாரணை. மனெல யாராச்சும் இருந்தா கூப்பிடு, பேசணும்” என்றான்.

அதே பேச்சு. அதே மாதிரி தணிந்த குரல்.

“அப்படி யாரும் இல்ல சார். இருந்தாங்க, காலி பண்ணிட்டுப் போயி ஆறு மாசமாச்சு.”

“எல்லிகெ? எங்க?”

“கொத்தில்லா சார்.”

“ஃபோன் நம்பர்?”

“கொத்தில்லா.”

பவுலின் அக்கா தன் பங்குக்கு, “சித்தூர்ப் பக்கம் போறதா சொல்லிக்கினு இருந்தாங்க சார். வாடக பாக்கி வேற வச்சுட்டுப் போயிட்டாங்க” என்றாள். வரிசையில் குடத்தோடு நின்ற முனைக் கடைக்காரரும் தலையை ஆட்டினார். பீரப்பா அந்தப் பேப்பரில் ஏதோ எழுதிக்கொண்டான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு போய்விட்டான். அவன் பைக் சத்தம் ஓய்ந்ததும் பவுலின் அக்கா அவனை மாதிரியே தோளைக் குறுக்கிக்கொண்டு, “மனெ யாவுது” என்று சொல்லிக் காட்டினாள். குழாயடியே சிரித்தது. மகாவும் சிரித்தாள். உப்புமா வெங்காயம் கருகிவிட்டது, அதையே கட்டிக்கொண்டு வண்டி ஏறினாள்.

போகிற வழியில் நாகேஷுக்கு ஃபோன் போட்டாள், ‘போலீஸ் உன்னத் தேடிக்கினு வந்துச்சு, இப்ப வராதே’ என்று சொல்ல. சுவிட்ச் ஆஃப். லோடு வண்டியில் போனால் அவன் ஃபோன் எப்போதும் அப்படித்தான். வியாழக்கிழமையும் சுவிட்ச் ஆஃப். நல்லதுதான், எங்கேயோ பத்திரமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் லாரி டிரைவர் பாலகுமார் வீட்டுக்கு வந்தான். கையில் நாகேஷின் டிபன் பாக்ஸ்.

“எங்க, நாகேஷண்ணன் உடம்பு சரியில்லயா? ரெண்டு நாளா ஆளக் காணோம். வண்டியில இத வுட்டுட்டுப் போயிட்டாரு.”

“உன்னோடதான கோயம்புத்தூர் போனாரு?”

“கோயம்புத்தூர் லோடு கேன்சலாயிடுச்சே அக்கா. செவ்வாக்கிழமயே வைட்ஃபீல்ட் சிக்னல்ல எறங்கிக்கினாரு. பஸ்ஸுல போயிக்கிறேன்னாரு.”

சுனிலும் பாலகுமாரும் அன்றைக்கே தேட ஆரம்பித்தார்கள். ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்கலாம் என்று பாலகுமார் சொன்னான். சுனில் பைக்கை ஆஸ்பத்திரிகள் இருக்கிற பக்கமாகத் திருப்பினான். ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, சனிக்கிழமை மத்தியானம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் கண்டுபிடித்தார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி ரோட்டைக் கடக்கும்போது ஏதோ வண்டி அடித்துவிட்டுப் போயிருக்கிறது. தலையில் அடி. ஃபோன் நசுங்கிப்போய்விட்டது. சட்டைப் பையில் பழைய வாக்காளர் அட்டை இருந்ததாம். வியாழக்கிழமை ராத்திரி உயிர் போயிருக்கிறது. சேதி கேட்டு ஓடிவந்த மகாவிடம் வார்டு நர்ஸம்மா, “நீங்க யாரு, பெண்டாட்டியா? ரெண்டு நாளு நினைவோடதான் இருந்தாரு. பேச்சு சரியா வரல. வார்டு கதவயே பாத்துக்கினு இருந்தாரு. ஏம்மா யாருமே வரல?” என்று கேட்டாள்.

மகா அதற்குக் கொத்தில்லா என்றுகூடச் சொல்லவில்லை.

வாக்காளர் அட்டையில் நாலாவது கிராஸ் விலாசம் இருந்தது. ஆகவே அந்தக் கான்ஸ்டபிள் எதற்கு வந்தான் என்று மகாவுக்கு அந்த நிமிஷமே புரிந்துபோயிற்று. குழாயடியில் இருந்த அத்தனை பேருக்கும் அன்று சாயந்திரத்துக்குள் புரிந்துபோயிற்று. யாரும் வாயைத் திறக்கவில்லை. அடக்கம் முடிந்து, காரியம் முடிந்து, பதினேழாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பினாள். அதுவரைக்கும் அவள் கண்ணிலிருந்து சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பார்க்க வந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுது முடிக்கும்வரை அவள் அசையாமல் இருந்தாள். அழுத்தக்காரி என்று சிலர் சொன்னார்கள். அழுத்தமெல்லாம் இல்லை. உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட ஈறு மாதிரி, தன் உடம்பே தனக்குத் தடித்துப்போய்த் தெரிந்தது.

கார்மெண்ட்ஸில் அவளுக்குக் காலர் வைக்கிற வேலை. மணிக்கு அறுபது சட்டை. சட்டை வரும், காலரை வைப்பாள், ஓட்டுவாள், தள்ளிவிடுவாள். திரும்பி வந்த முதல் நாளே ஊசி உடைந்தது. அங்கே ஒரு சட்டம் உண்டு: உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு எங்கேயாவது சட்டைக்குள் போய், வெளிநாட்டில் யார் கழுத்திலாவது குத்திவிடக் கூடாது. மகாவும் ஹெல்ப்பர் பெண்ணும் மண்டியிட்டுத் தரையைத் தடவினார்கள். மூன்று துண்டு கிடைத்தது, நாலாவது கிடைக்கவில்லை. லைன் நின்றுபோயிற்று. சூப்பர்வைசர் கத்தினான். கடைசியில் ஹெல்ப்பர் பெண்தான் கண்டுபிடித்தாள். அது மகாவின் சுண்டுவிரலில் ஏறி நின்றுகொண்டிருந்தது. “அக்கா, ரத்தம் வருது, உங்களுக்கு வலிக்கலயா?” என்றாள். வலிக்கவில்லை.

வீட்டில் மூன்று பேரும் மூன்று மூலையில் சாப்பிட்டார்கள். லாவண்யா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காலையில் இப்போதெல்லாம் ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறாள். ஏன் என்று மகா கேட்கவில்லை. கேட்கிற தெம்பும் இல்லை. சுனில் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தான்.

“அட்ரஸ் இருந்துச்சு அண்ணி, அவனுங்க கையில. வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா அண்ணன உயிரோட பாத்திருப்போம். எவனும் வரல. நாமன்னா நாயின்னு நெனப்பு. வுடமாட்டேன் நானு.”

மகா சோற்றைப் பிசைந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால் சோறுதான் உள்ளே போயிற்று.

பவுலின் அக்கா ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “இதப் பாரு மகா. நீ வாய மூடிக்கினு இரு. நீ மட்டுமா சொன்ன? நாங்களுந்தான் சொன்னோம். அந்தாளு வந்தாருன்னு இங்க யாரு சொல்லப்போறா? சுனிலுக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சில முழிப்பானா? பொண்ணு என்னா நெனப்பா? இருக்கிறவங்கள வச்சுப் பொழைக்கப் பாரு.”

“சரிக்கா.”

“எனக்கும் தூக்கமே வரல்லடி. சித்தூருன்னு எந்த வாய்ல சொன்னேனோ” என்று பவுலின் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மகா அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

செப்டம்பர் கடைசியில் ஸ்டேஷனுக்குப் புதிதாக ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். அம்ருதா மேடம். கோலாரில் வளர்ந்தவர், தமிழ் தண்ணீர் மாதிரி வரும். போலீஸைப் பார்த்து ஜனம் ஓடக் கூடாது, ஜனங்களிடத்தில் போலீஸே போகவேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடிக்கு முன்னால் ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, எல்லாருக்கும் பேப்பர் தட்டில் சௌசௌ பாத் கொடுத்தார்கள். ஒரு பக்கம் காரா பாத் என்கிற உப்புமா, ஒரு பக்கம் கேசரி. காலனி முழுக்க வந்துவிட்டது. கேசரி தீர்ந்ததும் கிளம்பிவிடலாம் என்றுதான் முக்கால்வாசிப் பேர் வந்தார்கள். மேடம் மைக்கைப் பிடித்து, “எங்கள நம்புங்க. உங்களுக்கு எங்க மேல என்ன கோபம் இருந்தாலும் இங்கயே கேளுங்க” என்றார்.

அதற்காகவே காத்திருந்த மாதிரி காலனி சங்கத்து முனியப்பன் எழுந்தார். பக்கத்தில் சுனில்.

“கேக்குறோம் மேடம். எங்க நாகேஷு ரெண்டு நாளு அனாத மாதிரி கெடந்து செத்தான். அட்ரஸ் உங்க கையில இருந்துச்சு. ஏன் வந்து சொல்லல?”

மேடம் பக்கத்திலிருந்த எஸ்.ஐ.யிடம் கேட்டார், எஸ்.ஐ. ஃபைலைப் பார்த்தார். “நம்ம கான்ஸ்டபிள் பீரப்பா வந்து விசாரிச்சதா எழுதியிருக்காரே? வீடு காலின்னு ஜனங்க சொன்னதா இருக்கே?”

“டீக்கடையில உக்காந்து எழுதியிருப்பாரு!” என்று சுனில் கத்தினான். “யாரு பாத்தீங்க அந்தாள? யாராவது பாத்தீங்களா?”

ஷாமியானா முழுக்க, “இல்ல, இல்ல” என்று ஒரே குரல். குழாயடியில் நின்ற அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். முனைக் கடைக்காரர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார். பீரப்பா ஷாமியானாவின் ஓரத்தில் தட்டுகளைப் பொறுக்கிக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். மகாவையும் பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டான். மகா கையில் இருந்த கேசரி அப்படியே இருந்தது.

“ஒரு வாரம் டைம் குடுங்க” என்றார் மேடம். “தப்பு பண்ணியிருந்தா என் ஆளா இருந்தாலும் விடமாட்டேன். சஸ்பெண்ட் பண்றேன். குடும்பத்துக்காரங்க வந்து ஸ்டேட்மெண்ட் குடுங்க.” கைதட்டல் எழுந்தது. காலனியில் போலீஸுக்குக் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை மகா அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனாள். சுனில்தான் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். ஆனால் கேட்டைத் தாண்டி அவன் வரவில்லை. எதிர்ப்பக்கத்து பேக்கரி வாசலில் பைக்கை நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். “நீங்க போங்கண்ணி. வரலன்னு சொல்லுங்க, அவ்ளோதான்” என்றான். லாவண்யா காலேஜிலிருந்து நேராக வந்து கேட்டில் நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. “நானும் வர்றேம்மா” என்றாள். முகம் வெளுத்திருந்தது.

மேடம் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். ரைட்டர் பேனாவோடு தயாராக இருந்தார். பீரப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான்.

“பயப்படாதீங்கம்மா” என்றார் மேடம். “இவர் முன்னாடியே தைரியமா சொல்லுங்க. இவர் வரலன்னா வரலன்னு சொல்லுங்க. நாங்க உங்க பக்கம்தான்.”

மகா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பவுலின் அக்கா சொன்னது, சுனில் சொன்னது எல்லாம் காதில் இருந்தது. வரவில்லை என்று ஒரு வார்த்தை போதும். காலனியில் ஒரு ஈ காக்கை அதை மறுக்காது. கொழுந்தன் அண்ணி அண்ணி என்று இருப்பான். மகள் மகளாக இருப்பாள். சுவரோரம் நிற்கிறவன் யாரோ, ராயச்சூர்க்காரன்.

“வந்தாரு மேடம்” என்றாள்.

ரைட்டர் நிமிர்ந்தார்.

“வந்தாரு. கொழாயடியில என்னத்தான் கேட்டாரு. நாகேஷ் வீடு எதுன்னு. நான்தான் அப்படி ஆளே இல்ல, காலி பண்ணிட்டாங்கன்னு சொன்னேன்.”

“நீங்க அவர் மனைவி இல்லையா?”

“ஆமா மேடம்.”

“அப்புறம் ஏம்மா அப்படிச் சொன்னீங்க?”

“போலீஸ் வந்து கேட்டா அப்படித்தான் மேடம் சொல்றது.”

அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். மேடம் பீரப்பா பக்கம் திரும்பினார். “ஆக்சிடெண்ட்னு ஒரு வார்த்தை அங்கயே சொல்லியிருக்கலாம்ல?”

“ஹேகெ மேடம்?” என்றான் பீரப்பா. தமிழும் கன்னடமுமாக, மகாவுக்கும் புரியவேண்டும் என்பது போல நிறுத்தி நிறுத்திப் பேசினான். “கொழாய் கிட்ட, எல்லார் முன்னாடி, எப்படி சொல்றது? எங்க ஊர்ல கெட்ட சேதின்னா மனெ உள்ள போயி, ஒக்கார வச்சு, தண்ணி குடுத்துதான் சொல்வாங்க. அதுக்குதான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்.”

மேடம் ஃபைலைப் புரட்டினார். “இதுல மூணு பேரை விசாரிச்சதா இருக்கு. குழாயடியில ஒரு பெண். முனைக் கடைக்காரர். இன்னொண்ணு, சந்து முனையில காலேஜ் பை போட்ட ஒரு பெண். அந்தப் பெண்ணுகிட்ட வாக்காளர் அட்டை ஃபோட்டோவைக் காட்டினதா எழுதியிருக்கீங்க. பார்த்துட்டுத் தெரியாதுன்னு சொன்னாளாம். யார் அது? அவ பேரையும் எழுதணுமே.”

மகாவுக்குப் பக்கத்தில் லாவண்யா நிமிர்ந்தாள். நாலாவது கிராஸில் காலை ஏழு மணிக்குக் காலேஜுக்குப் போகிற பெண் வேறு யார் இருக்கிறார்கள்? மகா திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். லாவண்யா வாயைத் திறந்தாள். மகா பிடியை இறுக்கினாள்.

பீரப்பா லாவண்யாவை நேராகப் பார்த்தான். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு மேடத்தைப் பார்த்தான்.

“மொகம் நெனப்பில்ல மேடம். மழ பெய்துகினு இருந்துச்சு. வேற ஏரியா பொண்ணு போலருக்கு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் சாட்சி.”

“கொத்தில்லா மேடம்” என்றான் பீரப்பா.

அப்படியே எழுதிக்கொண்டார்கள். மகா கையெழுத்துப் போட்டாள். மேடம் எழுந்து வாசல்வரை வந்தார். “பார்த்துப் போங்கம்மா” என்று மட்டும் சொன்னார்.

படி இறங்கும்போது பீரப்பா பின்னாலேயே வந்தான். தொப்பி இன்னும் கையில்தான். லாவண்யா சட்டென்று திரும்பினாள்.

“அந்த ஃபோட்டோவுல அப்பா தாடி வச்சிருந்தாரு சார். நல்லாத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் தெரியாதுன்னு சொன்னேன். ஏன் என் பேரச் சொல்லல?”

அவன் ரோட்டைப் பார்த்தான். பிறகு வேறு ஏதோ சொன்னான்.

“நான் போயிருந்தேம்மா, ஆஸ்பத்திரிக்கு. வியாழக்கெழம, டியூட்டி முடிச்சுட்டு. யாரும் இல்லன்னு சொன்னாங்கல்ல, ஒரு மாதிரி இருந்துச்சு. ஃபோன் நம்பர் கேட்டேன். சொன்னாரு. ஆறு நம்பர் சொல்லிட்டு நின்னுட்டாரு, மேல வரல. காலையில வந்து மறுபடி விசாரிக்கலாம்னு இருந்தேன். பந்தோபஸ்துக்குப் போட்டுட்டாங்க.”

மகா அவன் வாயையே பார்த்தாள்.

“மனெல யாராச்சும் வந்தாங்களான்னு கேட்டாரு. பேச்சு சரியா இல்ல, ஆனா அதத்தான் கேட்டாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு…” பீரப்பா தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். “வர்றாங்க, வண்டியில வந்துகினு இருக்காங்கன்னு சொன்னேன். பொய்தான் சொன்னேம்மா.”

மகா கேட்டாள். “நம்புனாரா சார்?”

“ம்” என்றான் பீரப்பா. “நம்புனாரு.”

லாவண்யா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகா அவளை எழுப்பவில்லை, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் சுனில் பைக்கிலிருந்து இறங்கி, வண்டிகளுக்கு நடுவில் வழி பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் ஏன் அங்கே உட்கார்ந்துவிட்டார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனிடம் இனிமேல்தான் சொல்லவேண்டும்.